தீயணைப்பு, காவல் துறை முக்குளிப்பு வீரர்களுக்கான சிறப்புப் பயிற்சி: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு, குளம், தோட்டக் கிணறு, கல்குவாரிப் பள்ளம், கடல் என்று எல்லா வகை நீர்நிலைகளும் நெல்லைச் சீமையில் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. யாரேனும் மூழ்கிவிட்டால், தேட இறங்குகிறவர்களில் பலர் துணிச்சலை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். அந்தத் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தேடப் போனவரையும் தேட வேண்டிய நிலை வரக் கூடாது என்பதற்காகவே, தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் கரையோர ஊர்க்காரர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

சுற்றுலாவுக்குப் போன இடத்தில் ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு முக்குளிக்கும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். மீட்புப் பணிக்கு அது போதாதா?

போதாது. பொழுதுபோக்கு முக்குளிப்பின் முதல் நிலைச் சான்றிதழ், 18 மீட்டர் ஆழம் வரை, தெளிந்த நீரில், துணைக்கு ஒருவரோடு, வானிலை பார்த்து இறங்குவதற்கானது. அங்கே நாளையும் இடத்தையும் நீங்களே தேர்ந்துகொள்கிறீர்கள். மனம் ஒப்பவில்லை என்றால் மேலே வந்துவிடலாம். மீட்புப் பணியில் நாளையும் இடத்தையும் விபத்து முடிவு செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் செந்நிறமாகப் புரண்டு வரும் தாமிரபரணியில் மாஸ்க்குக்கு முன்னால் வைத்த உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. ஒருவரை ஒருவர் கண்ணால் பார்த்துக்கொண்டே நீந்த வேண்டும் என்ற அடிப்படை விதி அங்கே பயன்படாமல் போகிறது.

ஆகவே மீட்பு முக்குளிப்பில் ஒருவர் மட்டும் கயிற்றோடு இறங்குகிறார். அந்தக் கயிற்றின் மறுமுனையைக் கரையில் ஒருவர் பிடித்திருக்கிறார். எல்லாக் கருவியையும் பூட்டிக்கொண்டு, மாஸ்க்கை மட்டும் மாட்டாமல், இன்னொருவர் தண்ணீர் ஓரத்தில் தயாராக இருக்கிறார். இவர்கள் மூவரையும் கவனித்து முடிவெடுக்க ஒரு பொறுப்பாளர் நிற்கிறார். நான்கு பேர் இல்லாத குழு தண்ணீரில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பணிக்கென்றே பாடி (PADI), இ.ஆர்.டி.ஐ. (ERDI) போன்ற முக்குளிப்புப் பயிற்சி அமைப்புகள் தனிப் பாடத்திட்டங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் கையில் உள்ள சான்றிதழ் அவற்றில் சேர்வதற்கான நுழைவுத் தகுதி.

தீயணைப்பு வண்டியில் இருக்கும் சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு கிணற்றுத் தண்ணீருக்குள் மூழ்கலாமா?

கூடாது. அது புகைக்குள் போவதற்காகச் செய்யப்பட்டது. ஸ்கூபா ரெகுலேட்டர், ஆழத்துக்கு ஆழம் மாறுகிற நீரின் அழுத்தத்துக்கு ஏற்ப காற்றைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. புகைக் கருவி அதற்காக அமைக்கப்படவில்லை. மேலும், மிதப்பைக் கட்டுப்படுத்தும் ஜாக்கெட்டும் எடைப் பட்டையும் அதில் கிடையாது.

ஆனால் கிணற்றின் உள்ளே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே, அந்தக் கருவி மிகவும் தேவைப்படும். அது கீழே தனியாகச் சொல்லப்படுகிறது.

சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன்தானே?

ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று நாம் பேச்சில் சொன்னாலும், அதற்குள் இருப்பது நாம் மூச்சு விடுகிற சாதாரணக் காற்றுதான். வடிகட்டி, ஈரம் நீக்கி, அழுத்தி அடைத்திருக்கிறார்கள். தூய ஆக்ஸிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அது நஞ்சாகி, நீருக்குள்ளேயே வலிப்பு வரலாம். மருத்துவமனை ஆக்ஸிஜன் சிலிண்டரையோ, சக்கரத்துக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரையோ வைத்து யாராவது ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னால் ஏற்க வேண்டாம்.

ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்?

12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அடைத்தால் 2,400 லிட்டர் காற்று இருக்கும். இதில் 50 பார், அதாவது 600 லிட்டரைத் தொடக் கூடாத இருப்பாக ஒதுக்கிவிட்டால் மீதம் 1,800 லிட்டர். தேடும் வேலையில் இருப்பவர் மேல்மட்டத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காவதால் 60 லிட்டர் ஆகும்; அரை மணி நேரம் வரும். குவாரிப் பள்ளத்தில் 20 மீட்டருக்குப் போனால் நிமிடத்துக்கு 90 லிட்டர், இருபது நிமிடம்தான். பயமும் நீரோட்டமும் சேர்ந்தால் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கிவிடும். ஒரு முறைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் யாரையும் கீழே வைத்திருக்காமல் ஆளை மாற்றுவது நல்ல வழக்கம்.

கண்ணே தெரியாத கலங்கலில் எப்படித் தேடுகிறார்கள்?

முதல் வேலை கரையில்தான். மூழ்கியதைப் பார்த்தவர் எந்தப் படியில் நின்று பார்த்தாரோ, அதே படியில் அவரை மறுபடி நிறுத்தி, கையை நீட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். வேறொரு இடத்தில் நின்று பார்த்த இரண்டாமவர் காட்டுகிற கோடும் முதல் கோடும் வெட்டுகிற இடமே கடைசியாகப் பார்த்த புள்ளி. ஆள் தண்ணீரோடு வெகு தூரம் போயிருப்பார் என்று கூட்டத்தில் நின்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஆற்றின் அடியில் ஓட்டம் மேல்மட்டத்தைவிட மெதுவானது. வெள்ளம் இல்லாத நாளில், மூழ்கி அடியைத் தொட்ட உடல் மக்கள் நினைக்கிற தூரம் போவதில்லை. அந்தப் புள்ளியைச் சுற்றித் தேடி முடித்த பிறகே கீழே நகர வேண்டும்.

பிறகு அரைவட்டத் தேடல் தொடங்குகிறது. கரையில் கயிறு பிடிப்பவர் ஓரிடத்தில் ஊன்றி நிற்கிறார். முக்குளிப்பவர் கயிற்றை எப்போதும் இறுக்கமாக வைத்துக்கொண்டு, வயிறு தரையை ஒட்டியபடி, ஒரு கையால் மணலைத் தடவிக்கொண்டே வில் போல வளைந்து நகர்கிறார். ஓர் ஓரம் வந்ததும் மேலிருந்து கயிற்றில் ஓர் இழுப்பு வருகிறது. அவர் நிற்கிறார், திரும்புகிறார். கரையில் இருப்பவர் ஒரு கை நீளம் கயிற்றை விடுகிறார். அடுத்த வளைவு முந்தையதன் ஓரத்தைத் தொட்டபடி தொடங்குகிறது. எத்தனை இழுப்புக்கு என்ன பொருள் என்பது குழுவுக்குக் குழு மாறக்கூடியது என்பதால், பாளையங்கோட்டைக் குழுவும் அம்பாசமுத்திரக் குழுவும் சேர்ந்து இறங்க நேர்ந்தால் இறங்குவதற்கு முன் ஒரே மொழியை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

கயிறு பிடிப்பது எளிய வேலை என்று புதியவரிடம் கொடுப்பது பெருந்தவறு. குமிழிகள் எங்கே வருகின்றன, எத்தனை நொடிக்கு ஒரு முறை வருகின்றன, மூச்சு வேகம் கூடுகிறதா, இறங்கி எத்தனை நிமிடம் ஆயிற்று, எந்த வளைவு வரை தேடியாயிற்று என்பதையெல்லாம் அவர் கண்ணை எடுக்காமல் கவனித்துப் பலகையில் குறிக்க வேண்டும். பயிற்சியில் இதற்கு நீருக்குள் செலவிடும் அளவுக்கே நேரம் ஒதுக்க வேண்டும்.

நீருக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து எவ்வளவு?

மிக அதிகம். குளங்களில் மூழ்கிக் கிடக்கும் சீமைக்கருவேல முள், அறுந்த மீன் வலை, ஆகாயத்தாமரை வேர், தூண்டில் நரம்பு ஆகியவை எங்கும் உண்டு. பாபநாசம் படித்துறையில் பரிகாரம் என்று சொல்லி ஆற்றில் விடுகிற சேலைகளும் வேட்டிகளும் பாறைகளில் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. ஈரத் துணி காலில் சுற்றினால் கத்தியால் அறுப்பது எளிதன்று. எனவே இரண்டு வெட்டுக் கருவிகள், அவற்றில் ஒன்று கட்டாயம் கத்தரிக்கோல் வகை, இரண்டு கையாலும் எட்டக்கூடிய மார்புப் பகுதியில் இருக்க வேண்டும். காலில் கட்டிய கத்தியைச் சிக்கிய நேரத்தில் குனிந்து எடுக்க முடியாது. முதன்மைச் சிலிண்டரோடு சேராத தனிச் சிறு சிலிண்டர் ஒன்றும் கட்டாயம். நீச்சல் குளத்தில், மாஸ்க் கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டி, வலையை மேலே போட்டு, பதற்றமின்றி ஒவ்வோர் இழையாக அறுத்து வெளிவரும் பயிற்சியைக் கை தானாகச் செய்யும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

அணைக்கட்டு, மதகு, மடை அருகே இறங்குவது பற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கிறார்கள்?

முக்குளிப்பவரை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கொல்வது, திறப்பை நோக்கி இழுக்கும் நீரின் விசைதான். கோடைமேலழகியானிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களிலும், அவை நிரப்பும் குளங்களிலும் உள்ள மடைகளுக்குக் கணக்கில்லை. நம் ஊரில் இந்தப் பாடத்தை விட்டுவிட்டு வேறு எதைக் கற்றாலும் பயிற்சி முழுமை பெறாது.

ஒரு ஷட்டருக்கு முன்னால் 3 மீட்டர் தண்ணீர், பின்னால் ஒன்றுமில்லை, அடியில் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் ஒரு திறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் தண்ணீர் அசையாமல் நிற்கும். திறப்புக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் வரை கீழே போனவருக்கும் எதுவும் தெரியாது. அவருடைய காலோ வயிறோ அந்தத் திறப்பை அடைத்துவிட்டால், ஏறத்தாழ 270 கிலோ எடைக்குச் சமமான விசை அவரை அதோடு சேர்த்து அழுத்தும். கரையில் இருப்பவர்கள் கயிற்றை இழுத்து மீட்க முடியாது. இழுத்தால் உடல்தான் காயப்படும். துணைக்குப் போகிற இரண்டாமவரும் அதே விசைக்கு ஆளாவார்.

ஆகையால் விதி கடுமையானது. நீர்வளத் துறை அலுவலர் நேரில் வந்து, ஷட்டரை இயக்க முடியாதபடி பூட்டி, சாவியை முக்குளிப்புப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். கசிவு நிற்கவில்லை என்றால் இரு புறமும் நீர் மட்டம் சமமாகும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் முடியாது என்றால் யாரும் இறங்கக் கூடாது. மூழ்கியவரின் உறவினர்கள் கரையில் அழுதுகொண்டிருந்தாலும் கூடாது. பாபநாசம் பகுதியில் மின் உற்பத்திக்காகத் தண்ணீர் விடும் நேரத்தில் ஆற்றின் மட்டம் மாறும் என்பதால், அணையிலும் முன்கூட்டியே பேசி எழுத்து வடிவில் உறுதி பெற வேண்டும்.

தோட்டக் கிணற்றில் விழுந்தவரை எடுப்பதற்கும் இந்தப் பயிற்சி வேண்டுமா?

வேண்டும், கூடுதலாகவே வேண்டும். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து ஆழ்ந்த கிணறுகளில் தண்ணீரைவிட அதன் மேல் நிற்கும் காற்று ஆபத்தானது. நெடுநாள் இறைக்காத கிணற்றில் கரியமில வாயுவும், அழுகல் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் தேங்கும். ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்து, நாற்றம் நின்றுவிட்டது போலத் தோன்றும். ஒருவர் இறங்கி மயங்க, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்க, மூன்றாமவரும் இறங்குவது இப்படித்தான் நடக்கிறது. அரிக்கன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய முறை ஆக்ஸிஜன் குறைவை மட்டும் காட்டும். நச்சு வாயுவைக் காட்டாது. தீப்பற்றும் வாயு இருந்தால் வெடிக்கவும் செய்யும். வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்குவதே சரி.

அடுத்தது மின்சாரம். மோட்டார் ஷெட்டில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் ஷெட் வாசலில் நிற்க வேண்டும். அதன் பிறகே, முக்காலிச் சட்டத்தில் கப்பி பூட்டி, சுவாசக் கருவியோடு தண்ணீர் மட்டம் வரை ஒருவரை இறக்கலாம்.

கல்குவாரிப் பள்ளங்கள்?

செங்குத்துச் சுவர், தெரியாத ஆழம், கீழே போகப் போகக் குளிர், அடியில் கைவிட்ட இரும்பு. மேலிருந்து கல் விழாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை; 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் உயிரிழந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விளிம்பில் கூட்டத்தை நிற்க விடக் கூடாது.

ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்த நாங்கள் மூச்சடக்கி முங்கியே எத்தனையோ பேரை எடுத்திருக்கிறோம். எங்களுக்கு எதற்கு இது?

உங்கள் அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. எந்த மண்டபத்துக்குக் கீழே கசம் என்னும் ஆழ்ந்த மடு, எங்கே மணல் அள்ளிய பள்ளம், எந்தப் பாறைக்குப் பின்னால் சுழி என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு குழுவும் உங்களைக் கரையில் பொறுப்பாளருக்குப் பக்கத்தில் நிறுத்தி, நீங்கள் சொல்வதை வரைபடமாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்று துறைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். முங்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சை இழுத்து விடுவது பலருக்கு வழக்கம். அது உடலில் உள்ள கரியமில வாயுவைக் குறைத்து, மூச்சு முட்டும் உணர்வைத் தள்ளிப்போடுகிறது. ஆக்ஸிஜன் தீர்ந்து, மேலே வரும் வழியிலேயே நினைவு தப்பலாம். இரண்டாவது இன்னும் முக்கியமானது: தூத்துக்குடிச் சங்கு குளிப்பவருக்கும் ஆற்று நீச்சல்காரருக்கும் மூச்சை அடக்குவது உடம்போடு ஒட்டிய பழக்கம். ஸ்கூபா மாட்டிய பிறகு அதே பழக்கம் உயிரை வாங்கும். 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கி ஏறினால் நுரையீரல் கிழிந்து காற்று இரத்தத்தில் கலக்கும். மிகக் குறைந்த ஆழத்திலிருந்து ஏறும்போதுகூட இது நேரலாம். எனவே நல்ல நீச்சல்காரர் என்பதற்காக யாருக்கும் கரையிலேயே சிலிண்டரை மாட்டி இறக்கிவிட வேண்டாம்.

மூழ்கியவரை எவ்வளவு நேரத்துக்குள் எடுத்தால் உயிர் பிழைப்பார்?

ஆக்ஸிஜன் இல்லாமல் நான்கு முதல் ஆறு நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்குகிறது. உறையும் குளிர்நீரில் நெடுநேரம் கிடந்து பிழைத்தவர்கள் மேல்நாடுகளில் உண்டு. நம்முடைய வெதுவெதுப்பான நீரில் அந்த வாய்ப்பை எதிர்பார்க்க முடியாது. வேதனையான உண்மை என்னவென்றால், நிலையத்திலிருந்து வண்டி வந்து சேரும் நேரத்தில், பெரும்பாலும் உயிரற்ற உடலைத்தான் முக்குளிப்பு வீரர் தேடுகிறார். இறந்தவருக்காக உயிருள்ளவரைப் பணயம் வைக்க முடியாது என்பதைப் பொறுப்பாளர் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் நிறுத்த வேண்டும். இருட்டிவிட்டால், ஓட்டம் கூடிவிட்டால், நாளை வரை காத்திருக்கலாம்.

அந்த முதல் நிமிடங்கள் கரையில் இருப்பவர்களுடையவை. கயிறு, மூடிய காலிப் பிளாஸ்டிக் குடம், சேலை என எது கிடைத்தாலும் எறிய வேண்டும். எடுத்தவரைத் தலைகீழாகச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லை என்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்த வேண்டும். அதோடு 108-க்கும் 101-க்கும் சொல்ல வேண்டும்.

காவல் துறை முக்குளிப்பு வீரருக்குக் கூடுதலாக என்ன பயிற்சி?

சாட்சியத்தைக் கெடுக்காமல் எடுப்பது. கொலைக்குப் பயன்படுத்திய அரிவாளை ஆற்றில் வீசிவிட்டதாகக் கைதானவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, அவர் சொன்னதில் அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டுமே நீதிமன்றத்தில் நிற்கும். ஆகவே கண்டெடுத்த விதம்தான் வழக்கின் உயிர்.

இருட்டு நீரில் விரல் இரும்பைத் தொட்டதும் எடுத்துத் தூக்கிக் காட்டக் கூடாது. முதலில் சிறு மிதவை ஒன்றைப் பக்கத்தில் கட்டி மேலே விட வேண்டும். பாலத்தின் தூண், மண்டபத்தின் மூலை போன்ற இரண்டு நிலையான இடங்களிலிருந்து மிதவைக்கு உள்ள தூரத்தைக் கரையில் இருப்பவர்கள் அளந்து வரைய வேண்டும். பிறகு, நீளமான பிளாஸ்டிக் பெட்டியை நீருக்கடியிலேயே திறந்து, கைப்பிடியைத் தொடாமல் பொருளை அதில் வைத்து, அதே ஆற்று நீரோடு மூடி மேலே கொண்டுவர வேண்டும். நீருக்கடியில் கிடந்த இரும்பு, காற்றுப் பட்டால் விரைந்து துருப்பிடிக்கும். நீரில் கிடந்த பொருளில் கைரேகை தப்பியிருக்கக்கூடும் என்பதால் துடைக்கவும் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு, தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. கரையில் ஒரு கேமரா இதற்கென்றே ஓட வேண்டும்.

உடல் கிடைத்தாலும் இதே கவனம் வேண்டும். தண்ணீர் வடியும் வலைப் பையில் நீருக்கடியிலேயே உடலை வைத்து, கைகளுக்கு உறை இட்டு எடுத்தால் நகத்தில் இருப்பது கழுவிப் போகாது. அதே இடத்துத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்து ஒப்படைத்தால், டையாட்டம் என்னும் நுண்பாசிச் சோதனையில் ஒப்பிட உதவும்.

2023 டிசம்பர் வெள்ளம் போன்ற நேரத்தில் ஸ்கூபா வீரர்கள் உதவுவார்களா?

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த வெள்ளத்தில் தேவைப்பட்டவை படகும், கயிறும், லைஃப் ஜாக்கெட்டும். ஓடும் வெள்ளத்தில் முக்குளிப்பது தற்கொலைக்குச் சமம். வெள்ள மீட்பு தனிப் பயிற்சி. ஒன்றைக் கற்றவர் மற்றதையும் அறிவார் என்று நினைத்து ஆளை அனுப்பக் கூடாது.

நகரத்துக் கழிவுநீர் கலக்கும் இடத்தில் இறங்கலாமா?

வாயில் கவ்வும் ரெகுலேட்டரோடு கூடாது. முழு முகத்தையும் மூடும் மாஸ்க்கும், கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாத உடையும் வேண்டும். உடலில் புண் இருந்தால் அன்று இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அதன் வழியே வரும். ஆனால் அந்த உடையோடு சித்திரை வெயிலில் கரையில் உட்கார்ந்திருப்பவர் சுருண்டு விழுவார். காத்திருக்கும் வீரருக்கு நிழலும் குடிநீரும் ஏற்பாடு செய்யாத பொறுப்பாளர் தன் வேலையைச் செய்யாதவர்.

யார் சேரக் கூடாது? பயிற்சி எங்கே கிடைக்கும்?

ஆஸ்துமா, வலிப்பு, செவிப்பறைக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் அனுமதியின்றி இறங்கக் கூடாது. சளி பிடித்திருந்தால் அன்றைக்கு யாருமே இறங்கக் கூடாது. நம் நாட்டில் முக்குளிப்புக்கான கடற்படைப் பள்ளி கொச்சியில் இருக்கிறது. கேரளத் தீயணைப்புத் துறையும் ஃபோர்ட் கொச்சியில் நீர்மீட்புப் பயிற்சி தருகிறது. எங்கே கற்றாலும், சொந்த ஊர்த் தண்ணீரில் மாதம் ஒரு முறையேனும் குழுவாக இறங்கிப் பழகாவிட்டால் கற்றது கை நழுவிப் போகும். முதலில் நீச்சல் குளம், பிறகு மறுகால் பாயாத அமைதியான குளம், அதன் பிறகே ஆறு.

மணிமுத்தாறு அணையில் ஆழமாக இறங்கித் தேடிய அன்றே மாஞ்சோலைக்குப் போகலாமா?

வேண்டாம். ஆழத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் உடலில் கரைந்திருக்கும். அது மெல்ல வெளியேற நேரம் வேண்டும். அதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாமல், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வரச் சொல்கிறார்கள். மணிமுத்தாற்றிலிருந்து ஏறும் அந்தச் சாலை ஆயிரம் மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், எஞ்சிய நைட்ரஜன் குமிழியாகி மூட்டு வலியும் மரத்துப் போதலும் வரலாம். விமானப் பயணத்துக்குச் சொல்வது போலவே ஒரு முழு நாள் கழித்து ஏறுவது பாதுகாப்பு. மலை ஏறாமலேயே அப்படி வலி வந்தாலும் தைலம் தேய்த்துக் காத்திருக்காமல், சுவாசிக்க ஆக்ஸிஜன் கொடுத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டுபோய், முக்குளித்த ஆழத்தையும் நேரத்தையும் எழுதிய பலகையை மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்பதை அவர் அதை வைத்தே முடிவு செய்வார்.